விளையாட்டு வினையான வழக்கு

(நம் கல்லூரி முன்னாள் மாணவர் சங்கத்தின் ஆண்டுச் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

மதிப்பிற்குரிய முதல்வர் அவர்களே, எனக்குப் பாடம் சொல்லிக் கொடுத்து இன்று முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பேராசிரியப் பெருமக்களே, சங்கப் பொறுப்பாளர்களே, என்னோடு படித்த நண்பர்களே, பின்வரிசையில் உட்கார்ந்து செல்போனைப் பார்த்துக்கொண்டிருக்கும் அன்புத் தம்பி தங்கைகளே, உங்கள் அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

பின்வரிசை என்றதும் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். இன்றைய பேச்சு உங்கள் கையிலிருக்கும் சமாச்சாரத்தைப் பற்றியதுதான்.

"சட்டமும் இளைய தலைமுறையும் பற்றிப் பேசுங்க சார்" என்று நம் செயலாளர் கேட்டுக்கொண்டார். "அரை மணி நேரம்தான், அதுக்கு மேல போனா சாப்பாடு ஆறிடும்" என்றும் சேர்த்துச் சொன்னார். வழக்கறிஞனிடம் மைக்கைக் கொடுப்பவர்கள் எப்போதும் இந்த முன்னெச்சரிக்கை எடுப்பது வழக்கம். ஆகவே ஊரிலுள்ள சட்டங்களையெல்லாம் தொடாமல் ஒரே ஒரு வழக்கை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். அது அமெரிக்க வழக்கு. நம் மாணவர்களில் பலர் அங்கே குடியேறிப் பிள்ளைகுட்டிகளோடு இருக்கிறார்கள். அவர்களுக்கும் இது பயன்படும்.

வழக்கிலுள்ள கேள்வி மிக எளிமையானது. வெட்டு, குத்து, கொலை நிறைந்த ஒரு வீடியோ கேமை 18 வயது நிரம்பாத பிள்ளைக்கு விற்கக் கூடாது என்று அரசு சட்டம் போடலாமா?

கேட்டவுடனேயே உங்களில் பாதிப் பேர் மனசுக்குள்ளே "இதுல என்ன சார் கேள்வி, தாராளமா போடலாம்" என்று தீர்ப்பு எழுதிவிட்டீர்கள். முகத்திலேயே தெரிகிறது. ஆனால் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளில் ஏழு பேர் அந்தச் சட்டம் செல்லாது என்றார்கள். ஏன் அப்படிச் சொன்னார்கள், அவர்கள் சொன்னது சரியா என்பதுதான் நான் சொல்ல வந்தது.

கதையைக் கொஞ்சம் முன்னாலிருந்து தொடங்குகிறேன். 1992-இல் 'மார்ட்டல் காம்பாட்' என்று ஒரு சண்டை விளையாட்டு வந்தது. தோற்றவனின் இதயத்தைப் பிடுங்குவது, தலையை முதுகெலும்போடு உருவுவது என்றெல்லாம் அதில் காட்சிகள். அடுத்த ஆண்டு அது வீட்டு டெலிவிஷனில் விளையாடும் வடிவத்திலும் வந்தவுடன் பெற்றோர் கலங்கிப் போனார்கள். 1993 டிசம்பரில் ஜோசப் லீபர்மன், ஹெர்ப் கோல் என்ற இரண்டு செனட்டர்கள் விசாரணை நடத்தினார்கள். "நீங்களாக ஒரு ஒழுங்கு செய்துகொள்ளுங்கள், இல்லையேல் நாங்கள் செய்வோம்" என்பது அந்த விசாரணையின் சாரம்.

கம்பெனிகள் உடனே விழித்துக்கொண்டன. 1994-இல் இ.எஸ்.ஆர்.பி. என்ற தரநிர்ணய வாரியத்தைத் தாங்களே அமைத்தன. நம் சினிமாவுக்கு 'யு', 'ஏ' என்று முத்திரை குத்துவதைப் போல விளையாட்டுப் பெட்டியின் மேல் எழுத்துகள் வந்தன. 'இ' என்றால் எல்லோருக்கும். 'டி' என்றால் 13 வயதுக்கு மேல். 'எம்' என்றால் 17 வயதுக்கு மேல். ஆனால் ஒரு முக்கியமான வித்தியாசம் உண்டு. இந்த எழுத்துகளுக்குப் பின்னால் எந்தச் சட்டமும் கிடையாது. கடைக்காரர் 12 வயதுப் பையனுக்கு 'எம்' விளையாட்டை விற்றால் வாரியத்தின் மனம் வருந்தலாம், போலீஸ் வராது.

வெறும் எழுத்தை நம்பி என்ன பயன் என்ற கேள்வி அப்போதே எழுந்தது. கேட்டது நியாயம்தான். அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணையம் 2000-ஆம் ஆண்டில் ஒரு சோதனை செய்தது. 13 முதல் 16 வயதுள்ள பிள்ளைகளைத் தனியாகக் கடைக்கு அனுப்பி 'எம்' விளையாட்டைக் கேட்கச் சொன்னது. நூற்றுக்கு 85 பேருக்குக் கடைக்காரர் எடுத்துக் கொடுத்துவிட்டார். இந்த 85-ஐ மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இந்த நிலையில்தான் ஊர்களும் மாநிலங்களும் சட்டம் போட ஆரம்பித்தன. இண்டியானாபோலிஸ் நகரம் போட்டது. 2001-இல் நீதிமன்றம் தடுத்தது. செயின்ட் லூயிஸ் வட்டாரம் போட்டது. 2003-இல் அதுவும் வீழ்ந்தது. இல்லினாய், மிச்சிகன், மினசோட்டா, லூசியானா, ஓக்லஹோமா என்று வரிசையாகப் போட்டார்கள், வரிசையாகத் தோற்றார்கள். 2005-இல் கலிஃபோர்னியாவின் முறை வந்தது.

கலிஃபோர்னியாச் சட்டத்தைக் கொண்டு வந்தவர் லீலண்ட் யீ என்ற சட்டமன்ற உறுப்பினர். குழந்தை உளவியல் படித்தவர். கையெழுத்துப் போட்டு அனுமதி கொடுத்தவர் யார் தெரியுமா? ஆளுநர் ஆர்னால்ட் ஷ்வார்ஸ்நெகர். 'டெர்மினேட்டர்' படத்தில் துப்பாக்கியோடு ஊரையே துவம்சம் செய்தாரே, அவரேதான். படத்தில் சுட்டவர் விளையாட்டில் சுடுவதைத் தடுக்கிறாரே என்று அப்போது பலரும் கேலி செய்தார்கள். கேலி ஒரு பக்கம் இருக்கட்டும். சட்டம் என்ன சொன்னது என்று பார்ப்போம்.

மனித உருவத்தைக் கொல்வது, ஊனப்படுத்துவது, உறுப்புகளைத் துண்டிப்பது, பாலியல் வன்கொடுமை செய்வது ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று விளையாடுபவர் தேர்ந்தெடுக்கக்கூடியதாக ஒரு விளையாட்டில் இருக்க வேண்டும். அதோடு, அந்த விளையாட்டு முழுமையாகப் பார்க்கையில் சிறுவர்களின் வக்கிரமான ஆர்வத்தைத் தூண்டுகிறது, சிறுவர்களுக்கு எது தகும் என்ற சமூக அளவுகோலுக்கு அப்பட்டமாக மாறுபடுகிறது, இலக்கியம், கலை, அரசியல், அறிவியல் என்று குறிப்பிடத்தக்க எந்த மதிப்பும் சிறுவர்களுக்கு அதில் இல்லை என்று நியாயமான ஒரு மனிதருக்குத் தோன்ற வேண்டும். அப்படிப்பட்ட விளையாட்டை 18 வயதுக்குட்பட்டவருக்கு விற்றாலோ வாடகைக்குக் கொடுத்தாலோ ஒவ்வொரு முறைக்கும் 1,000 டாலர் வரை அபராதம். பெட்டியின் மேல் இரண்டு அங்குலத்துக்குக் குறையாத அளவில் '18' என்று பொறிக்க வேண்டும்.

ஒரு விதிவிலக்கும் உண்டு. அப்பா, அம்மா, தாத்தா, பாட்டி, மாமா, அத்தை, சட்டப்படியான காப்பாளர் ஆகியோர் அதே விளையாட்டை அந்தப் பிள்ளைக்குக் கொடுத்தால் குற்றமில்லை! நம் ஊரிலே 'மாமா செல்லம்' என்பார்கள். கலிஃபோர்னியாவிலும் மாமா செல்லத்துக்குச் சட்டத்திலேயே இடம் ஒதுக்கியிருந்தார்கள். இது சிரிக்கிற விஷயம் மாதிரி தெரியும். ஆனால் பின்னால் இதுவே சட்டத்தின் காலை வாரிவிட்டது.

விளையாட்டு வியாபாரிகளின் சங்கம் உடனே வழக்குப் போட்டது. 2006 ஜனவரி முதல் தேதி அமலுக்கு வரவேண்டிய சட்டத்துக்கு 2005 டிசம்பரிலேயே நீதிபதி ரொனால்ட் ஒயிட் இடைக்காலத் தடை விதித்தார். 2007-இல் நிரந்தரத் தடை. 2009-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. ஆக, ஊர் முழுக்கப் பேசப்பட்ட அந்தச் சட்டம் ஒரு நாள்கூட அமலில் இல்லை. கடைசியில் 2010 நவம்பர் 2 அன்று உச்ச நீதிமன்றத்தில் வாதம் நடந்தது. 2011 ஜூன் 27 அன்று தீர்ப்பு வந்தது. இடையில் ஆளுநர் மாறிவிட்டதால் 'பிரவுன் எதிர் பொழுதுபோக்கு வணிகர் சங்கம்' என்ற பெயரில் வழக்கு நிலைத்துவிட்டது.

இங்கே சட்டம் படிக்கும் மாணவர்கள் கொஞ்சம் கவனிக்க வேண்டும். கலிஃபோர்னியா அரசு எந்தத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றது? 1968-ஆம் ஆண்டின் கின்ஸ்பெர்க் வழக்கு. நியூயார்க் மாநிலத்து லாங் ஐலண்டில் கின்ஸ்பெர்க் என்பவர் ஒரு கடை வைத்திருந்தார். எழுதுபொருளும் விற்பார், மதியச் சாப்பாடும் போடுவார். நம்ம ஊர்ப் பெட்டிக்கடைக்கு அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள். 16 வயதுப் பையன் ஒருவனுக்கு நிர்வாணப் படங்கள் உள்ள பத்திரிகையை விற்றார். பெரியவர்களுக்கு அதை விற்பது குற்றமே அல்ல. ஆனால் சிறுவனுக்கு விற்றதற்காக அவருக்குக் கிடைத்த தண்டனை செல்லும் என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பெரியவர்களுக்கு ஒரு கோடு, பிள்ளைகளுக்கு ஒரு கோடு என்று அரசு கிழிக்கலாம் என்பது அந்தத் தீர்ப்பின் சாரம்.

"ஆபாசத்துக்கு அப்படிக் கோடு போடலாம் என்றால் வன்முறைக்கு ஏன் கூடாது?" இதுதான் கலிஃபோர்னியாவின் வாதம். கேட்பதற்குப் பளிச்சென்று இருக்கிறது, இல்லையா?

பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் நீதிபதி ஆன்டனின் ஸ்கேலியா. அவர் பழமைவாதி என்று பெயர் எடுத்தவர். அவரோடு சேர்ந்தவர்கள் கென்னடி, கின்ஸ்பர்க், சோட்டோமயோர், கேகன். அவர் சொன்ன காரணங்களை நான் என் பாஷையில் நாலாகச் சுருக்குகிறேன்.

முதல் காரணம். வீடியோ கேமும் பேச்சுதான். புத்தகம், நாடகம், சினிமா போல அதுவும் பாத்திரங்கள், உரையாடல், கதை மூலம் ஏதோ ஒன்றைச் சொல்கிறது. ஆகவே பேச்சுச் சுதந்திரம் அதற்கும் உண்டு. ஆபாசம் அந்தச் சுதந்திரத்துக்கு வெளியே காலங்காலமாக வைக்கப்பட்ட சில பிரிவுகளில் ஒன்று. வன்முறைக்கு அப்படி ஒரு விலக்கு அமெரிக்க வரலாற்றில் இருந்ததே இல்லை. அதற்கு அவர் காட்டிய சான்று என்ன தெரியுமா? குழந்தைகளுக்கு நாமே சொல்லும் கதைகள்! கிரிம் சகோதரர்களின் கதைகளில் ஹான்ஸலும் கிரெட்டலும் சூனியக்காரியை அடுப்பில் தள்ளிச் சுடுகிறார்கள். பள்ளிக்கூடத்தில் படிக்கும் ஹோமர் காவியத்தில் ஒற்றைக் கண் அரக்கனின் கண்ணைக் கட்டையால் குத்துகிறார்கள். அவற்றையெல்லாம் எந்த அரசும் தடுத்ததில்லையே என்றார். நம் பாட்டிமார் சொன்ன கதைகளில் மட்டும் தலை உருளவில்லையா? நரசிம்மர் இரணியனின் குடலை உருவிய காட்சியைக் கோயில் தூணில் பார்த்துத்தானே நாமும் வளர்ந்தோம்?

இரண்டாவது காரணம், ஆதாரம். பேச்சைக் கட்டுப்படுத்தும் அரசு அதற்கு மிக வலுவான தேவையை நிரூபிக்க வேண்டும். இந்த விளையாட்டுகள் பிள்ளைகளை மூர்க்கர்களாக்குகின்றன என்று உளவியல் அறிஞர் கிரெய்க் ஆண்டர்சன் முதலியோரின் ஆய்வுகளை அரசு காட்டியது. நீதிமன்றம் அவற்றை உரித்துப் பார்த்தது. இரண்டும் சேர்ந்து காணப்படுகின்றன என்றுதான் ஆய்வுகள் காட்டின. ஒன்றால் மற்றொன்று விளைந்தது என்று அவை காட்டவில்லை. கண்ட விளைவும் மிகச் சிறியது. ஓர் ஆய்வில் எழுத்து விடுபட்ட ஆங்கிலச் சொல் ஒன்றைக் கொடுத்து நிரப்பச் சொல்லியிருக்கிறார்கள். சண்டை விளையாட்டு ஆடிவிட்டு வந்தவர்கள் 'ஆராய்' என்று பொருள் வரும்படி நிரப்பாமல் 'வெடி' என்று பொருள் வரும்படி கூடுதலாக நிரப்பினார்களாம். இன்னொன்று: பக்ஸ் பன்னி முயல் வரும் கார்ட்டூனைப் பார்த்தாலும் இதே அளவு விளைவுதான் என்று ஆண்டர்சனே ஒப்புக்கொண்டிருந்தார். அப்படியானால் முயலையும் அல்லவா தடை செய்ய வேண்டும்?

மூன்றாவது காரணம், நம் மாமா. விளையாட்டு அவ்வளவு ஆபத்தானது என்றால் மாமா வாங்கிக் கொடுத்தால் மட்டும் ஆபத்து போய்விடுமா? விஷத்தை யார் கையால் கொடுத்தாலும் விஷம்தானே? அரசு தன் வாதத்தைத் தானே நம்பவில்லை என்பதற்கு அந்த விதிவிலக்கே சாட்சியாயிற்று.

நாலாவது காரணம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. நினைவில் வைக்கச் சொன்னேனே, அந்த 85? 2000-இல் நூற்றுக்கு 85. அதே ஆணையம் அதே சோதனையை 2009-இல் செய்தபோது நூற்றுக்கு 20 பேருக்குத்தான் விளையாட்டு கிடைத்தது. 2011-இல் அது 13 ஆகக் குறைந்தது. சட்டம் எதுவும் அமலில் இல்லாமலே இது நடந்தது! கல்லாவில் நிற்கும் பையன் "தம்பி, வயசுக்கு அத்தாட்சி காட்டு" என்று கேட்கப் பழகியதால் நடந்தது. 2009 சோதனையில் பெரியவர்களுக்கான சினிமா டி.வி.டி.யை 54 சதவிகிதம் பிள்ளைகளும், எச்சரிக்கை முத்திரை உள்ள பாட்டு சி.டி.யை 72 சதவிகிதம் பிள்ளைகளும் வாங்கிவிட்டார்கள் என்பதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அரசு சட்டம் போட்டு அடைக்க நினைத்த ஓட்டையைக் கடைக்காரர்களே பெருமளவு அடைத்துவிட்டார்கள். மிச்சமிருந்த இடைவெளிக்காக அரசியல் சாசனத்தை வளைக்க வேண்டாம் என்றது நீதிமன்றம்.

இவ்வளவு கேட்டபின் "சரிதான், ஏழு பேர் சொன்னது சரி" என்று எழுந்துவிடாதீர்கள். என் சீனியர் ஒருவர் சொல்லுவார்: "தீர்ப்பைப் படிக்கிறவன் குமாஸ்தா, மாறுபட்ட தீர்ப்பையும் படிக்கிறவன்தான் வக்கீல்."

நீதிபதி சாமுவேல் அலிட்டோ, தலைமை நீதிபதி ராபர்ட்ஸ் இருவரும் சட்டம் செல்லாது என்ற முடிவை ஒப்புக்கொண்டார்கள். ஸ்கேலியாவின் காரணங்களை ஒப்புக்கொள்ளவில்லை. எது குற்றம் என்று கடைக்காரருக்கு முன்கூட்டியே தெளிவாகத் தெரியும்படி சட்டம் எழுதப்படவில்லை, அதனால்தான் அது செல்லாது என்றார்கள். ஆனால் வீடியோ கேமும் புத்தகமும் ஒன்றுதான் என்று அவசரப்பட்டுச் சொல்லாதீர்கள், படிப்பது வேறு, தானே கையால் செய்வது வேறு, வருகின்ற தொழில்நுட்பம் எப்படியிருக்குமோ என்று எச்சரித்தார் அலிட்டோ.

எதிர்த்துத் தீர்ப்பு எழுதியவர்கள் இருவர். பழமைவாதியான கிளாரன்ஸ் தாமஸ் ஒருவர். பெற்றோரைத் தாண்டிச் சென்று பிள்ளைகளிடம் பேசும் உரிமை என்று ஒன்று அரசியல் சாசனம் எழுதிய காலத்தில் யார் மனதிலும் இருந்ததில்லை என்பது அவர் வாதம். தாராளவாதியான ஸ்டீபன் பிரேயர் மற்றவர். ஆய்வுகளின் பட்டியலையே தீர்ப்போடு பின்னிணைப்பாகச் சேர்த்தார் அவர். இந்தச் சட்டம் யாரையும் விளையாட விடாமல் தடுக்கவில்லையே, பெரியவர் ஒருவரைக் கூட்டி வா என்றுதானே சொல்கிறது என்று கேட்டார். பிறகு ஒரு கேள்வி போட்டார். அதன் கருத்தை மட்டும் சொல்கிறேன். 13 வயதுப் பையனுக்கு ஒரு பெண்ணின் நிர்வாணப் படத்தை விற்றால் குற்றம். ஆனால் அதே பையன் திரையில் ஒரு பெண்ணைக் கட்டிப் போட்டு, வாயை அடைத்து, சித்திரவதை செய்து கொல்லும் விளையாட்டை விற்றால் அது சுதந்திரம். இதில் என்ன நியாயம்?

நண்பர்களே, இந்தக் கேள்விக்குப் பெரும்பான்மைத் தீர்ப்பில் நேரான பதில் இல்லை என்பதுதான் என் அபிப்பிராயம். 'வரலாற்றில் அப்படித்தான் இருந்திருக்கிறது' என்பது பதிலாகாது.

"அதெல்லாம் சரி சார், நீங்க எந்தப் பக்கம்?" என்று கேட்பீர்கள். சட்டம் வீழ்ந்தது சரியே என்பதுதான் என் கட்சி. ஆனால் அலிட்டோ சொன்ன காரணத்துக்காக. பிரேயரின் கேள்வி நியாயமானது. அதற்குக் கலிஃபோர்னியா எழுதிய பதில் மோசமானது. நோயைச் சரியாகக் கண்டுபிடித்தவர் மருந்தையும் சரியாகத்தான் எழுதுவார் என்று நிச்சயமில்லை அல்லவா? வக்கிரமான ஆர்வம் என்றால் என்ன? வாதத்தின்போது ஸ்கேலியாவே கேட்டார்: வக்கிரமான வன்முறை விளையாட்டு என்கிறீர்களே, வக்கிரமில்லாத சாதாரண வன்முறை விளையாட்டு என்று வேறொன்று இருக்கிறதா? நீதிமன்றத்துக்கே புரியாத கோட்டைக் கடைக்காரர் எப்படிப் பார்த்து விற்பார்? 1,000 டாலருக்குப் பயந்து எதையும் விற்காமல் இருப்பார். வேலியின் எல்லை தெரியாத ஊரில் மாடு மேய்ப்பவன் மேய்ச்சலையே விட்டுவிடுவான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்தச் சட்டத்தைக் கொண்டு வந்த லீலண்ட் யீ 2014-இல் கைது செய்யப்பட்டார். ஊழல் குற்றச்சாட்டோடு சட்டவிரோதத் துப்பாக்கிப் பேரத்தில் தொடர்பு என்ற குற்றச்சாட்டும் இருந்தது. 2015-இல் குற்றத்தை ஒப்புக்கொண்டார். 2016-இல் ஐந்தாண்டுச் சிறைத் தண்டனை பெற்றார். "பார்த்தீங்களா, யோக்கியன் போட்ட சட்டத்தை!" என்று எள்ளுவது சுலபம். அது தவறான பாடம். சட்டத்தைப் போட்டவன் குணத்தை வைத்துச் சட்டத்தை எடை போடக் கூடாது. அதன் வாசகத்தை வைத்துத்தான் போட வேண்டும். நல்லவர் கொண்டுவந்திருந்தாலும் இந்தச் சட்டத்தின் வாசகம் இதே வாசகம்தான்.

இதே வழக்கு நம் நாட்டில் வந்திருந்தால்? பெரும்பாலும் முடிவு வேறாகியிருக்கும். அமெரிக்க முதல் திருத்தத்தில் விலக்குகள் எழுதப்படவில்லை. நம் அரசியல் சாசனத்தின் 19(2) பிரிவு கண்ணியம், ஒழுக்கம் ஆகியவற்றுக்காக நியாயமான கட்டுப்பாடு விதிக்கலாம் என்று வெளிப்படையாகவே சொல்கிறது. 1970-இல் கே.ஏ. அப்பாஸ் வழக்கில் சினிமாத் தணிக்கை செல்லும் என்று நம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

அதுமட்டுமல்ல. 1956-லேயே நம் நாடாளுமன்றம் இளையோருக்கான தீங்கு பயக்கும் வெளியீடுகள் பற்றி ஒரு சட்டம் இயற்றியது. குற்றச் செயல்கள், வன்முறை, கொடூரம், அருவருப்பான நிகழ்ச்சிகள் ஆகியவற்றையே சித்தரித்து இளையோரைக் கெடுக்கக்கூடிய கதைப் புத்தகத்தை விற்றால் ஆறு மாதம் வரை சிறை. இளையோர் என்றால் யார்? 20 வயதுக்குட்பட்டவர்! இங்கே இருக்கும் இளங்கலை மாணவர்கள் பெரும்பாலோர் அந்தக் கணக்கில் வந்துவிடுவார்கள். பயங்கரக் காமிக்ஸ் புத்தகங்களைக் கண்டு உலகமே மிரண்டிருந்த காலம் அது. அமெரிக்காவில் 1954-இல் செனட் விசாரணை நடத்தியது. காமிக்ஸ் கம்பெனிகள் தங்களுக்குத் தாங்களே ஒரு விதிமுறையை வகுத்துக்கொண்டன. இங்கிலாந்து 1955-இல் சட்டம் போட்டது. அடுத்த ஆண்டு நாம் போட்டோம். நம்மில் எத்தனை பேர் அந்தச் சட்டத்தின் பெயரையாவது கேட்டிருக்கிறோம்? முத்து காமிக்ஸும் லயன் காமிக்ஸும் படித்து வளர்ந்த என் வகுப்பு நண்பர்கள் இங்கே பலர் இருக்கிறார்கள். ஒருவர் வங்கி மேலாளர், ஒருவர் தலைமையாசிரியர். இரும்புக்கை மாயாவியால் யாரும் கெட்டுப் போனதாக எனக்குத் தகவல் இல்லை.

சரி, 2011-க்குப் பிறகு என்ன ஆயிற்று? எதிர்த்தரப்பின் வழக்குச் செலவுக்காகக் கலிஃபோர்னியா கொடுத்த தொகை மட்டும் பத்து லட்சம் டாலரைத் தாண்டியது. அது சின்ன விஷயம். பெரிய விஷயம், கடையே காணாமல் போனது! விளையாட்டு பெட்டியில் வருவது குறைந்து நேரே போனுக்குள்ளும் கம்ப்யூட்டருக்குள்ளும் இறங்கத் தொடங்கியது. "வயசு என்ன தம்பி?" என்று கேட்ட கல்லாப் பையனுக்கு இப்போது அங்கே வேலையில்லை. 85-ஐ 13 ஆக்கிய அந்த மனிதரே இல்லாமல் போய்விட்டார். பிறந்த வருஷத்தை 1990 என்று தட்டினால் கதவு திறக்கிறது. உண்டா இல்லையா? பின்வரிசை தலையாட்டுகிறது.

அதனால் சட்டமும் இடம் மாறியது. 2022 டிசம்பரில், 'ஃபோர்ட்நைட்' விளையாட்டை நடத்தும் எபிக் கம்பெனி 52 கோடி டாலர் கட்ட ஒப்புக்கொண்டது. அதில் 27.5 கோடி, 13 வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் விவரங்களைப் பெற்றோர் அனுமதியின்றித் திரட்டியதற்காக. மீதி 24.5 கோடி, பட்டன்களைக் குழப்பமாக அமைத்துத் தெரியாமல் பணம் செலவழிக்க வைத்ததற்காக. முன்பின் தெரியாதவர்களோடு பிள்ளைகள் பேசும் வசதி தானாகவே திறந்திருந்தது என்பதும் குற்றச்சாட்டில் ஒன்று. கவனியுங்கள், அந்த விளையாட்டில் யார் யாரைச் சுடுகிறார்கள் என்ற கேள்வியே அங்கே வரவில்லை. கதையைத் தொடாமல் வியாபாரியின் கையைப் பிடித்தார்கள். கலிஃபோர்னியாவால் முடியாதது இதில் முடிந்தது. சட்டத்துக்குத் தெளிவாகத் தெரிகிற இடம் அதுதான்: பணம், தகவல், ஏமாற்று.

பிரேயரின் கேள்வி மட்டும் அப்படியே நிற்கிறது. 2025-ஆம் ஆண்டு, அதே ஜூன் 27 அன்று, ஆபாச இணையதளங்கள் வயதைச் சரிபார்க்க வேண்டும் என்ற டெக்சாஸ் மாநிலச் சட்டம் செல்லும் என்று அதே உச்ச நீதிமன்றம் ஆறுக்கு மூன்று என்று தீர்ப்பளித்தது. எழுதியவர், 2011-இல் தோற்ற பக்கம் இருந்த தாமஸ். எதிர்த்து எழுதியவர், 2011-இல் வென்ற பக்கம் இருந்த கேகன். பதினான்கு ஆண்டு கழித்தும் ஆபாசத்துக்கு ஒரு கோடு, வன்முறைக்குக் கோடே இல்லை என்ற நிலை மாறவில்லை.

இங்கே பெற்றோராக அமர்ந்திருக்கும் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. சட்டம் வந்து காப்பாற்றும் என்று காத்திருந்தால் பிள்ளை வளர்ந்துவிடும். இ.எஸ்.ஆர்.பி. எழுத்தைப் பார்ப்பதற்கு ஒரு நிமிஷம் போதும். அதைவிட நல்லது, பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து "இது எப்படிடா ஆடறது, எனக்கும் சொல்லிக் குடு" என்று கேட்பது. பத்து நிமிஷம் ஆடிப் பார்த்தால் நீதிபதிகளுக்குத் தெரியாதது உங்களுக்குத் தெரிந்துவிடும். காணாமல் போன அந்தக் கல்லாவில் இனி நீங்கள்தான் நிற்க வேண்டும்.

மாணவச் செல்வங்களுக்கு ஒரு வார்த்தை. நாளை உங்களில் சிலர் சட்டம் எழுதுவீர்கள், சிலர் விளையாட்டே எழுதுவீர்கள். பிள்ளைகளைக் காப்பது என்ற சொல்லை யார் எடுத்தாலும் உடனே கைதட்டாதீர்கள், உடனே கேலியும் செய்யாதீர்கள். மூன்று கேள்வி கேளுங்கள். எதைத் தடுக்கிறாய் என்று துல்லியமாகச் சொல்ல முடியுமா? அதனால் கேடு வருகிறது என்பதற்கு என்ன அத்தாட்சி? அதைவிட லேசான வழி இருக்கிறதா? இந்த மூன்றுக்கும் பதில் உள்ள சட்டம் நிற்கும். இல்லாத சட்டம், நோக்கம் எவ்வளவு நல்லதானாலும், கலிஃபோர்னியாச் சட்டம் போன வழியே போகும்.

செயலாளர் கடிகாரத்தைப் பார்க்கிறார். சாப்பாடு ஆறுவதற்கு நான் காரணமாக இருக்க விரும்பவில்லை.